எழுத்தெண்ணிப் படித்தல்

எழுத்தெண்ணிப் படித்தவர் என்பது தமிழில் வழங்கும் பாராட்டுரைகளுள் ஒன்று. ஒரு நூலை ஓரெழுத்தும் விடாது, பொருளுணர்ந்து, ஐயந்திரிபறக் கற்றவரையே அத்தொடர் குறிக்கும். எழுத்துகளை ஒன்று, இரண்டு என விரல்விட்டு எண்ணுவோரைக் குறிப்பதில்லை. ஆயினும், புத்தளம் மாவட்டக் கடற்கரையிற் பிறந்து வளர்ந்த மாணவன் ஒருவனுக்கு அத்தொடர் தன் நேர்ப்பொருளிலேயே வந்து வாய்த்தது. எழுத்துகளை எண்ண அறியாமையால் அவன் ஒரு பிழை செய்தான். அப்பிழையினால் ஒரு படகு சில நாள்கள் கடலேறாது கரையிற் கிடந்தது. பிழையை அறிந்து திருத்த முயன்றபொழுது, தான் பிறந்தது முதற் பேசியும் எழுதியும் வந்த மொழியில் எழுத்து எனப்படுவது யாது என்னும் வினாவை அவன் முதன்முறையாக எதிர்கொண்டான்.

சிலாபத்துக்கு வடக்கே உடப்பு, முந்தல் முதலிய ஊர்களைத் தொட்டுக் கற்பிட்டிக் குடாநாடு வரை நீளும் அக்கடற்கரை பலருக்கும் வழிப்போக்கிற் காணும் இடமாகவே உள்ளது. மேற்கே கடல், கிழக்கே களப்பு, இடையே ஒடுங்கிய மணற்றிட்டு. தென்னந்தோப்புகள், உப்பளங்கள், இறால் வளர்க்கும் குளங்கள், ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் என்பன அதன் அடையாளங்கள். கரைவலை இழுக்குங்கால் பாடப்படும் அம்பாப் பாடல்களால் உடப்பு அறியப்படும். சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும், தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் அடுத்தடுத்து வாழும் கரை அது. 1990 ஆம் ஆண்டு ஒற்றோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுட் பெருந்தொகையானவை வந்தடைந்ததும் இம்மாவட்டமே. ஆகவே இக்கரையின் பெயர்ப்பட்டியல் எதனை எடுத்தாலும், அதில் வள்ளியும் வரும், பர்னாந்தும் வரும், ஹமீதும் வரும். இது பின்னர் வேண்டப்படும் செய்தி.

அம்மாணவன் கணனி விஞ்ஞானம் பயில்பவன். 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எரிபொருட் பஞ்சத்தினால் விரிவுரைகள் இணையவழிக்கு மாறியபொழுது, அவன் தன் ஊருக்குத் திரும்பியிருந்தான். அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. 900 மெகாவாற்று வலுவுடைய நுரைச்சோலை அனல்மின் நிலையம் அதே கரையில் நின்றும், கரையூர்களும் இருளிலிருந்து தப்பவில்லை. மின்சாரம் உள்ள வேளையில் மடிக்கணனியை நிரப்பி, இல்லாத வேளையில் அந்நிரப்பின் அளவுக்கு உழைப்பதே அவனது ஒழுங்காயிற்று.

அவனுடைய விரிவுரையாளர் ஒருவர் விடுமுறைக்கு முன்னர் ஓர் அறிவுரை கூறியிருந்தார். பிறர் செய்த கருவிகளைக் கொண்டு பெரிய கட்டடம் எழுப்புதல் இக்காலத்தில் எளிது. ஆயின் ஒரு சிறு கருவியையேனும் முதலிலிருந்து தன் கையாற் செய்து பார்த்தவனுக்கே கருவியின் இயல்பு புலப்படும் என்பது அதன் சாரம். அதனை ஏற்று, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு சிறு துணைநிரல் தொகுப்பை இயற்ற அவன் முற்பட்டான்.

துணைநிரல் தொகுப்பு என்பது தனித்து ஒரு தொழிலைச் செய்து முடிப்பதன்று. தச்சனின் பெட்டியிலுள்ள உளியும் இழைப்புளியும் போல, வேறு நிரல்கள் எடுத்தாள வேண்டிய சிறு செயற்கூறுகளின் சேர்க்கையே அது. ஒரு பட்டியலிலே இருமுறை வந்தவற்றை நீக்குதல், ஒரே வகையினவற்றை ஒன்றாகக் குவித்தல், நீண்ட பட்டியலைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல் முதலியன அதன் வேலைகள். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு இத்தகைய தொகுப்புகள் மிகுதியாகத் தோன்றியமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1995 ஆம் ஆண்டு மே மாதத்தில், நெற்ஸ்கேப் நிறுவனத்தில், பிரெண்டன் ஐக் என்பார் பத்தே நாள்களில் அம்மொழியின் முதல் வடிவை ஆக்கினார். விரைவிற் பிறந்த மொழியாதலின் அன்றாடத் தேவைகள் பல அதில் விடுபட்டிருந்தன. அவ்விடைவெளியை நிரப்ப 2005 இல் புரோட்டோடைப், 2006 இல் ஜேகுவெரி, 2009 இல் அண்டர்ஸ்கோர், 2012 இல் லோடாஷ் என ஒன்றன்பின் ஒன்றாகத் தொகுப்புகள் எழுந்தன. அவற்றிற் பயின்ற வழக்குகள் பலவற்றை மொழியே பின்னர்த் தன்னுள் ஏற்றுக்கொண்டது. குவித்தற் செயற்கூறுகூட 2024 ஆம் ஆண்டுப் பதிப்பிலே மொழிக்குள் வந்துவிட்டது.

ஆகவே மாணவன் செய்யப் புகுந்தது புதிதொன்றன்று. ஆயினும், செய்யுந்தோறும் அவன் அறியாதிருந்தவை வெளிப்பட்டன. நாளாந்தம் பிடிபட்ட மீனின் நிறையைப் பட்டியலாக்கி, 9, 10, 100 என்பவற்றை ஏறுவரிசையில் அடுக்குமாறு பணித்தபொழுது, 10, 100, 9 என்று விடை வந்தது. வேறு கட்டளை இன்றேல், அம்மொழி எண்களையும் எழுத்துச்சரங்களாக்கியே ஒப்பிடும். ஒன்று என்னும் இலக்கம் ஒன்பதுக்கு முற்பட்டதாதலின் நூறும் ஒன்பதுக்கு முன்னே நின்றது. அன்றியும், அடுக்கும் செயற்கூறு புதிய பட்டியல் ஒன்றைத் தருவதாக அவன் எண்ணியிருக்க, அது மூலப்பட்டியலையே மாற்றிவிட்டது. எந்நாளில் எவ்வளவு பிடிபட்டது என்னும் ஒழுங்கு மீட்கவியலாது குலைந்தது. தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைக் கெடுக்காது, படியெடுத்து அப்படியிலேயே வேலை செய்தல் வேண்டும் என்னும் விதியை அவன் அன்று எழுதிவைத்தான்.

மற்றொரு விதியை அவன் பிறர் பட்ட இடரிலிருந்து கற்றான். மொழியின் உள்ளமைந்த பொருள்களோடு தன் செயற்கூறுகளை ஒட்டிவைப்பது வசதியானதே. ஆனால் மூடூல்ஸ் என்னும் பழைய தொகுப்பு அவ்வாறு செய்திருந்தமையால், 2018 ஆம் ஆண்டில் மொழிக்குழுவினர் ஃபிளாட்டன் என்னும் பெயரில் ஒரு செயற்கூறைச் சேர்க்க முனைந்தபொழுது பழைய வலைத்தளங்கள் முறியும் நிலை எழுந்தது. ஈற்றில் அது ஃபிளாட் என்னும் பெயருடனேயே 2019 ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது. பொதுச்சுவரில் ஒருவர் அடித்த ஆணி, பல ஆண்டுகளின் பின் அச்சுவரைத் திருத்த வந்தவரைத் தடுத்தது எனலாம்.

இவ்வாறு பயிற்சியாகவே நடந்தது, ஒரு நாள் பயிற்சி என்னும் எல்லையைக் கடந்தது.

அவ்வூரின் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்று, கிடைத்த சிறிதளவு மண்ணெண்ணெயை உறுப்பினருக்குப் பங்கிட வேண்டியதாயிற்று. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறுபடகுகளுக்கு மண்ணெண்ணெயே உணவு. அது கிடைத்தற்கு அரிதாயிருந்த காலம் அது. பின்னர் 2022 ஓகத்தில் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக அதன் விலை உயர்த்தவும்பட்டது. சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், பல ஆண்டுகளுக்கு முன்னர் பாமினி எழுத்துருவிற் தட்டச்சிடப்பட்ட கோப்பாக இருந்தது. அதனை யூனிக்கோடுக்கு மாற்றி, கைத்தொலைபேசியிலேயே பெயரையோ படகின் எண்ணையோ தேடிக் காணத்தக்க ஒரு பக்கத்தை ஆக்கித் தர இயலுமா எனச் செயலாளர் வினவினார். மாணவன் மகிழ்ந்து ஏற்றான். மாற்றும் செயற்கூறையும் தேடும் செயற்கூறையும் தன் தொகுப்பிலேயே எழுதினான். இரண்டு நாள்களில் வேலை முடிந்தது. ஊரார் புகழ்ந்தனர்; தந்தையாரும் பிறர் அறியாது மகிழ்ந்தார்.

பங்கீடு நடந்த நாளில் உறுப்பினருட் பெரும்பாலோர் படகின் பதிவெண் கொண்டே தேடப்பட்டனர். ஒரு பெண்ணின் பெயர் மட்டும் பெயராலேயே தேடப்பட்டது. கணவர் இறந்தபின் உறுப்புரிமை அவர் பெயருக்கு மாறியிருந்தது. படகின் எண்ணோ பட்டியலில் ஏறவில்லை. அவருடைய பெயர் 'கோ' என்னும் எழுத்திற் தொடங்குவது. செயலாளர் அதனைத் தொலைபேசியில் தட்டினார். அப்பெயரில் எவரும் இல்லை என்று பக்கம் விடை கூறியது. மீண்டும் தட்டினார், அதுவே விடை. வரிசை நீண்டு நின்றது. கணனி இல்லையென்று சொன்னபின் ஒருவரும் அதனோடு வழக்காடவில்லை. கையெழுத்துப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்போம் என எண்ணுவதற்குள் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

அன்று மாலை அப்பெண் மாணவனின் வீட்டு வேலியருகே வந்து நின்றார். சினந்து வரவில்லை; அறிந்துகொள்ளவே வந்தார். "தம்பி, எம் பேரு அந்தப் பெட்டிக்குள்ள இல்லையாமே? போன வருசம் சந்தா கட்டினேனே. யாராச்சும் எடுத்துட்டாங்களா?" என்றார்.

மாணவன் மடிக்கணனியைத் திறந்தான். பட்டியலில் அப்பெயர் இருந்தது. கண்ணாரக் கண்டான், அவருக்கும் காட்டினான். "இருக்குது மாமி, இந்தா பாருங்க" என்றவன், அதே பெயரைத் தேடுமிடத்திற் தட்டினான். இல்லை என்று வந்தது. இருக்கும் பெயரை இல்லையென்று சொல்வது தான் எழுதிய நிரலே என்பதை அவர் முன்னிலையிலேயே அவன் காண நேர்ந்தது. அவர் ஒன்றும் கூறாது சென்றார். அடுத்த பங்கீடு வரும்வரை அவருடைய படகு மணலிலே கிடந்தது. அதிற் செல்லும் அவர் மகனுக்கும் உடன் செல்வோருக்கும் அந்நாள்களில் வருவாய் இல்லை.

அவ்விரவு அவன் பிழையைத் தேடினான். பட்டியலிலிருந்த 'கோ'வும், தான் தட்டிய 'கோ'வும் திரையில் ஒரு புள்ளியேனும் வேறுபடாது நின்றன. ஆயின் அவற்றின் நீளத்தைக் கேட்டபொழுது, தட்டியது 2 என்றும் பட்டியலிலிருந்தது 3 என்றும் கணனி கூறியது. அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது.

யூனிக்கோடு முறையில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் இல்லை. ககரத்துக்கு ஓர் எண், ஓகாரக் குறிக்கு ஓர் எண். இரண்டும் சேர்ந்து 'கோ'. ஆயினும் ஓகாரக் குறியின் வடிவம் எழுத்தின் இருபுறமும் நிற்பது. இடப்புறம் இரட்டைக்கொம்பு, வலப்புறம் கால். ஆதலால் இரட்டைக்கொம்பு, கால் என்னும் இரண்டு குறிகளை அடுத்தடுத்து இட்டும் அதே 'கோ'வைப் பெறலாம். இரண்டும் ஒன்றே எனக் கொள்ளவேண்டும் என்பது யூனிக்கோடு விதி. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சமன்பாட்டுக்குறி அவ்விதியைத் தானாகப் பார்ப்பதில்லை, எண்களையே ஒப்பிடும். பழைய பாமினி எழுத்துருவிலோ கொம்பு, எழுத்து, கால் என்பன தட்டச்சுப் பொறியிற் போலத் தனித்தனி விசைகள். மாணவன் எழுதிய மாற்றி, கொம்பை எழுத்தின் பின்னே சரியாக நகர்த்தியது. காலையும் சரியாக மாற்றியது. இரண்டையும் ஒன்றாக இணைக்க மட்டும் மறந்தது. ஒவ்வொரு படியும் சரியாயிருக்க, முடிவு பிழையாயிற்று. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வரும் பெயர்கள் யாவும் அவ்வாறே பட்டியலில் இருந்தும் இல்லாதனவாய்க் கிடந்தன.

மருந்து சிறிது. இவ்வகை இருவடிவங்களை ஒருவடிவாக்கும் செயற்கூறு 2015 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் மொழியிலேயே உண்டு. ஒரு வரி சேர்த்தவுடன் தேடல் சரியாயிற்று. ஆனால் அவனை உறுத்தியது அவ்வரி இல்லாமை அன்று. தன் தொகுப்புக்கு அவன் சோதனைகள் எழுதியிருந்தான். அவை யாவும் வெற்றியே காட்டின. அச்சோதனைகளைத் திரும்பப் பார்த்தபொழுது, அவற்றில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. பாடநூல்களிற் கண்டவாறு ஏ, பீ, சீ என்னும் ஆங்கில எழுத்துகளையும், தான் ஒருநாளும் உண்டறியாத பழங்களின் ஆங்கிலப் பெயர்களையுமே அவன் இட்டிருந்தான். தன் ஊராரின் பெயர்களுக்காகச் செய்த கருவியைத் தன் ஊராரின் பெயர் ஒன்றினாலேனும் அவன் சோதித்துப் பார்க்கவில்லை.

காலையில் அவன் தந்தையார் வாடியின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னான். அவர் தலை நிமிராமலே, அறுந்த கண்ணை மட்டும் பார்த்துப் பொத்தினால் போதாது, சுற்றியிருக்கும் நாலு கண்ணையும் இழுத்துப் பார்க்கவேண்டும் என்றார். அது வலையைப் பற்றிய சொல்லே; வேறெதனையும் கருதி அவர் கூறவில்லை. பின்பு, அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வா என்றார். அதுவே மாணவனுக்குக் கடினமாயிருந்த பகுதி. அவன் சென்றான். முதலில் அப்பெண்ணிடமும், பின்னர் செயலாளரிடமும், பிழை கணனியுடையதன்று, தன்னுடையது என்று கூறினான். செயலாளர் அடுத்த பங்கீட்டில் அவருக்கு முதலிடம் கொடுத்தார். இழந்த நாள்களை எவராலும் கொடுக்க இயலவில்லை.

அதன் பின்னரே அவன் எழுத்தெண்ணத் தொடங்கினான். புத்தளம் என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? பு, த், த, ள, ம் என ஐந்து என்று முதலாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். கணனி 8 என்றது. உடப்பு என்பதில் நான்கு, கணனிக்கு 6. கற்பிட்டி என்பதில் ஐந்து, கணனிக்கு 9. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அது தனித்தனியே எண்ணியது. சொல்லைத் தலைகீழாகத் திருப்பும் பயிற்சி எல்லாப் பாடநூல்களிலும் உள்ளதே. அவ்வாறு புத்தளத்தைத் திருப்பியபொழுது, தாங்குவதற்கு எழுத்தின்றி ஒரு புள்ளி முதலில் நின்றது. பகரத்தின் உகரம் தகரத்தின்மேல் ஏறிற்று. உடப்பு என்பதை ஐந்து அலகோடு வெட்டினால் 'உடப்ப' என்று நிற்கும். படிவங்களிலே பெயர்கள் இவ்வாறு வெட்டப்படுமாயின், மனிதர் வேறு பெயரினராவர்.

மெய்யையும் உயிர்மெய்யையும் முழுமையாகப் பிரித்தெடுக்கும் செயற்கூறு ஒன்றை அவன் எழுதினான். எழுதுகையில் இலக்கணம் குறுக்கிட்டது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்னும் கணக்கு எளிது. ஆனால் க்ஷ என்பது ஓரெழுத்தா, இரண்டா? யூனிக்கோட்டின் பொதுவிதி க், ஷ என இரண்டாகப் பிரிக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒன்று. ஸ்ரீ என்பதோ இன்னும் சிக்கலானது. 2005 ஆம் ஆண்டில் யூனிக்கோடு மற்றொரு சகர வடிவத்தைச் சேர்த்தபின், அதனை இருவேறு எழுத்துகளிற் தொடங்கி எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஒருவடிவாக்கும் செயற்கூறும் இவற்றை ஒன்றாக்காது. இங்கே கணனி முடிவு கூறாது. எழுதுபவனே முடிவு செய்து, அம்முடிவை வெளிப்படக் குறித்துவைத்தல் வேண்டும். அவன் அவ்வாறே செய்தான்.

ஔகாரத்தில் அவன் மீண்டும் ஒருமுறை வழுக்கினான். கௌரி என்று எழுதுவதாக எண்ணிப் பலர் ககரம், ஒற்றைக்கொம்பு, ளகரம் எனத் தட்டுவது வழக்கம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணனிக்கு அது வேறு சொல். கொம்பின்பின் ளகரம் வருமிடமெல்லாம் ஔகாரமாக்குக என அவன் ஒரு விதி செய்தான். பெயர்கள் திருந்தின. மறுநாள் அதே நிரலைச் சங்கத்தின் மீன்விலைப் பட்டியலில் ஓட்டினான். கெளிறு என்னும் மீன் உருக்குலைந்து, வாசிக்கவியலாத ஒன்றாக வெளிப்பட்டது. அவன் தாயார் அதைக் கண்டு, "இது என்ன மீன்டா? எந்தக் கடல்ல பிடிச்சாங்க?" என்று நகைத்தார். உண்மையான ளகரமும் உலகில் உண்டு என்பதை அம்மீன் உணர்த்தியது. ஐயமான இடங்களைத் தானே திருத்தாது, மனிதர் பார்வைக்கு எடுத்துக்காட்டுமாறு விதியை அவன் மாற்றினான். திருத்தத் தெரிந்த நிரலினும், தன் ஐயத்தைச் சொல்லத் தெரிந்த நிரல் சில வேளைகளில் மேலானது.

இனி, வரிசை. தமிழ் நெடுங்கணக்கின் ஈற்றெழுத்து னகரம். தொல்காப்பியம் எழுத்துகளை அகரம் முதல் னகரம் வரை என்றே வரையறுக்கும். யூனிக்கோட்டின் எண்வரிசையிலோ னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே நிற்கும். ளகர ழகரங்கள் வகரத்தை முந்தும். ஆகவே எண்வரிசையில் அடுக்கினால் கனகா முன்னும் கமலா பின்னும் வருவர். நெடுங்கணக்கில் கமலாவே முன். ஜகரத்தின் இடமும் இரு முறைகளிலும் வேறுபடும். மொழியறிந்து அடுக்கும் செயற்கூறு இன்று உலாவிகளில் உண்டு. அது தமிழ்மரபைப் பின்பற்றி, வடவெழுத்துகளை இறுதியில் வைக்கும். மாணவன் அதனைப் பொருத்தி, செயலாளரிடம் காட்டினான். அவர் பட்டியலை நெடுநேரம் பார்த்துவிட்டு, எண்ணெய் குறைவாக இருக்கும் நாளில் இந்த வரிசைப்படி கூப்பிட்டால் ஹமீதும் ஜெசிந்தாவும் எப்பொழுதும் கடைசியில்தானே நிற்பார்கள் என்றார். இலக்கணப்படி சரியான வரிசை, பங்கீட்டுக்குச் சரியான வரிசையன்று. அன்றுமுதல் பங்கீடு அகரவரிசையை விடுத்து, முறைமாற்றி அழைக்கும் வழக்கத்துக்கு வந்தது. எவ்வரிசையும் யாரையோ முன்னும் யாரையோ பின்னும் நிறுத்தும் என்பதை நிரலாளன் அல்லன், செயலாளரே முதலிற் கண்டார்.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய பின்னர், தன் உழைப்பிற் பெரும்பகுதியைப் பிறர் முன்பே செய்துவிட்டனர் என்பதை மாணவன் அறிந்தான். முத்து அண்ணாமலை முதலானோர் பைதன் மொழியில் ஆக்கிய ஓப்பன்-தமிழ் என்னும் தொகுப்பு, தமிழ்ச்சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வேலையை முன்னரே செய்துவந்தது. ஜாவாஸ்கிரிப்டிலும் சரத்தைக் கண்காண் எழுத்துகளாகப் பகுக்கும் கருவி உலாவிகளுக்கு ஒவ்வொன்றாக வந்து, 2024 ஆம் ஆண்டளவில் முதன்மையான உலாவிகள் யாவற்றிலும் இடம்பெற்றது. அவ்வாறாயின் அவனது முயற்சி வீணோ?

இவ்வினாவுக்கு இருபுறமும் விடை உண்டு. 2016 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், லெப்ட்-பேட் என்னும் 11 வரித் தொகுப்பு ஒன்றை அதன் ஆசிரியர் பொதுக்களஞ்சியத்திலிருந்து நீக்கியபொழுது, அதனை நேரடியாகவோ மறைமுகமாகவோ நம்பியிருந்த எண்ணற்ற மென்பொருள்களின் ஆக்கம் உலகெங்கும் தடைப்பட்டது. ஒரு சரத்தின் இடப்புறத்தை வெற்றிடத்தால் நிரப்புவதே அதன் வேலை. தாமே எழுதவல்ல சிறு கூறையும் பிறரிடம் வாங்கும் பழக்கத்தின் விளைவு அது. மறுபுறத்தே, தானே எழுதினால் யாது நேரும் என்பதற்கு மணலிலே கிடந்த படகு சான்று. பலர் கைபட்டுத் தேய்ந்த கருவியில் இல்லாத குறைகள், ஒருவன் தனித்துச் செய்த கருவியில் இருக்கும். ஆகவே கற்பதற்காகச் செய்தல் வேறு, பயன்படுத்துவதற்காகச் செய்தல் வேறு. முன்னதிற் பிழை ஆசிரியன். பின்னதிற் பிழை பிறருடைய நட்டம். ஒரு மனிதரின் பெயர் உள்ளே நுழைந்த கணமே பயிற்சி முடிந்து பொறுப்புத் தொடங்குகின்றது. மாணவன் இதனை ஏற்று, சங்கத்தின் பக்கத்தில் உலாவிகளின் சோதிக்கப்பட்ட கருவிகள் செய்யக்கூடியவற்றை அவற்றிடமே ஒப்படைத்தான். தன் தொகுப்பைப் பயிற்சிப் படியாகத் தனியே வைத்தான். ஆயினும் அக்கருவிகளின் பிழையை இன்று அவனால் இனங்காண இயலும், முன்னர் இயலாதிருந்தது. கற்றலின் ஊதியம் அதுவே.

அக்கரையில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. சைமன் காசிச்செட்டி 1807 ஆம் ஆண்டிற் கற்பிட்டியிற் பிறந்தவர். இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் திரட்டி 1834 இல் அவர் வெளியிட்ட விவரத்தொகுப்பும், தமிழ்ப் புலவர் 200 பேரளவினரின் வரலாறுகளைத் தொகுத்து 1859 இல் வெளியிட்ட தமிழ் புளூட்டாக் என்னும் நூலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. பெயர்களை ஒவ்வொன்றாகத் திரட்டி, எழுத்து மாறாது எழுதி, தேடுவோர் கண்டெடுக்குமாறு வைப்பது எத்துணைப் பெரும் உழைப்பு என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும். பட்டியலில் விடுபட்ட பெயர் உலகத்தில் இல்லாத பெயராகிவிடும் அபாயம் அன்றும் இருந்தது. இன்று அது இயந்திரத்தின் வேகத்தோடு நிகழ்கின்றது என்பதே வேறுபாடு.

அத்தொகுப்பு இன்றும் அம்மாணவனின் கணனியில் இருக்கின்றது. அவன் அதற்குப் பெயரிடவில்லை, எங்கும் வெளியிடவுமில்லை. இளைய மாணவர் எவரேனும் நிரலெழுதப் பழக விரும்பினால், அதன் சோதனைக் கோப்பை மட்டும் திறந்து காட்டுவான். அதில் ஆங்கிலப் பழங்கள் இல்லை. புத்தளம் உண்டு, உடப்பு உண்டு, கெளிறு உண்டு. எல்லாவற்றுக்கும் முதல் வரியாக, இருவேறு வகையில் எழுதிய இரண்டு 'கோ'க்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் ஒன்றே எனத் தொகுப்புக் கூறவேண்டும் என்பது அச்சோதனை. அவ்வரி தவறினால் பின்வரும் சோதனைகள் ஓடா.

ஊருக்குச் செல்லும் விடுமுறைகளில் அப்பெண்ணை அவன் கரையிற் காண்பதுண்டு. "தம்பி, எம் பேரு இப்ப உள்ள இருக்குதா?" என்று அவர் கேட்பார். அதனை அவர் நகைச்சுவையாகவே கேட்கிறார் என்று ஊரார் எண்ணுவர். அவன் மட்டும் ஒவ்வொருமுறையும் தொலைபேசியை எடுத்து, அப்பெயரைத் தட்டி, வந்த விடையைக் காட்டிவிட்டே, "இருக்குது மாமி" என்பான்.